யார் என்ற கட்டம்

தராசு நான்காவது தடவையாக அந்த மஞ்சள் பொத்தானைக் குத்தினான்.

"வணக்கம்! இந்தக் கட்டடத்தின் உதவி இணைப்பில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து சிறிது நேரம் கழித்து முயலவும்."

தேன் ஒழுகும் பெண் குரல். பதினோரு குரல்களைக் கேட்டு, எட்டுப் பேரிடம் ஓட்டு வாங்கி, அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தவனே தராசுதான்.

"யாரு அது, விடாம பேசிக்கிட்டே இருக்கறது?" என்று பொத்தானைப் பார்த்துக் கத்தினான்.

"விரல் வீங்கிடப் போகுது தம்பி," என்றாள் வாளிக்கார அம்மாள்.

லிஃப்டுக்குள் அவனைத் தவிர இருந்த ஒரே ஜீவன் அவள்தான். ஒரு கையில் வாளி, மறு கையில் தரை துடைக்கும் மாப். ஆஸ்பத்திரிச் சீருடை. தரைத் தளத்தில் அவனோடு ஏறியவள், ஏறிய சுருக்கில் லிஃப்டின் தரையையும் துடைத்து முடித்திருந்தாள்.

பத்து மணி இருபது நிமிடத்துக்கு மின்சாரம் கண் சிமிட்டியது. ஒரே ஒரு சிமிட்டல். அடுத்த நொடியே விளக்குகள் வந்துவிட்டன, மின்விசிறி வந்துவிட்டது. லிஃப்ட் மட்டும் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே அப்படியே உறைந்துவிட்டது. கதவுக்கு மேலே இருந்த திரையில் ஒரு சூரியகாந்திப் பூ தலையாட்டிக்கொண்டிருந்தது. 'இனிய காலை வணக்கம்! இன்று வெயில் முப்பத்து நான்கு டிகிரி. புன்னகையோடு மேலே செல்லுங்கள்!'

தராசு கடிகாரத்தைப் பார்த்தான். பத்து இருபத்தாறு.

பதினோரு மணிக்கு அவன் மனைவிக்கு ஆபரேஷன்.

தராசு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். எதைக் கொடுத்தாலும் எடை போட்டுவிட்டுத்தான் பேசுவான். லிஃப்டின் இரும்புப் பெட்டியையும் கம்பியையும் வேறு யாரோ செய்வார்கள். அதன் மூளையைச் செய்வது அவனுடைய கம்பெனி. அந்த மூளைக்குள் எந்த வசதி இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்கிற ப்ராடக்ட் மேனேஜர் அவன். அவனுக்குக் கீழே ஒருவரும் கிடையாது. ஆனால் எது சொதப்பினாலும் அவன் தலையில்தான் விடியும். விற்பனைப் பிரிவு இருபது வசதி கேட்கும். இன்ஜினியர்கள் இரண்டுதான் முடியும் என்பார்கள். முதலாளி குளிக்கும்போது தோன்றிய இருபத்தோராவதோடு வந்து நிற்பார்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் அவன் மனைவி சொல்வாள்: "வேண்டாம்னு சொல்ற வேலை. அதுக்கு மாசாமாசம் சம்பளமும் கொடுக்கறாங்க!"

சும்மா 'வேண்டாம்' என்று சொல்லிவிட மாட்டான் தராசு. கணக்குப் போட்டுச் சொல்வான். எத்தனை பேருக்குப் பயன்? பாதிப்பு எவ்வளவு? சொல்வது எவ்வளவு நிச்சயம்? மூன்றையும் பெருக்கி, செய்து முடிக்க எவ்வளவு உழைப்பு என்பதால் வகுத்தால் ஒரு மதிப்பெண் வரும். அதைப் பார்த்து நான்கு கூடைகளில் ஒன்றில் போடுவான். கட்டாயம். நல்லது. பார்க்கலாம். இப்போ வேண்டாம்.

மின்சாரம் தடுமாறினால் லிஃப்ட் தானாகவே பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துவிடும் வசதி என்று ஒன்று இரண்டு வருடமாகப் பட்டியலில் இருந்தது. வருடத்தில் சில பேருக்குத்தான் பயன், நான்கு மாத உழைப்பு. மதிப்பெண் ஏழு. திரையில் காலை வணக்கம் சொல்லும் சூரியகாந்தி? தினமும் எல்லோருக்கும் பயன், மூன்று நாள் உழைப்பு. மதிப்பெண் நாற்பத்தொன்பது.

சூரியகாந்தி ஜெயித்தது. கட்டடத்துக்கு இரண்டாவது உதவி இணைப்பு என்பதற்கு மூன்று மதிப்பெண்கூடத் தேறவில்லை. இரண்டு லிஃப்ட் ஒரே நேரத்தில் நிற்குமா என்ன?

இப்போது சூரியகாந்தி தலையாட்டியது. தராசு அதை முறைத்தான்.

"மேல யாரு தம்பி உங்களுக்கு?" என்று கேட்டாள் அம்மாள்.

"சம்சாரம். குடல்வால் வீங்கியிருக்கு. வெடிக்கிற நிலைமையில இருக்காம்."

"ஐயையோ. எப்பலேருந்து வலி?"

தராசு கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். முந்தாநாளிலிருந்து. "வயிறு வலிக்குதுங்க" என்றாள் அவள். "பத்துக்கு எத்தனை?" என்றான் இவன். "என்னது?" "வலி. பத்துக்கு எத்தனை?" சிறிது யோசித்து, "ஆறு இருக்கும்" என்றாள். ஆறு என்றால் 'பார்க்கலாம்'. சனிக்கிழமை டாக்டரிடம் போகலாம் என்று முடிவானது. இன்று காலை அவன் ஷூ மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, "எட்டு" என்றாள். "ஆறு எப்படி எட்டாகும்? எண்ணை ஏத்திச் சொன்னா நம்பகம் குறைஞ்சிடும்மா" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குக் கிளம்பிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தது பக்கத்து வீட்டுப் பெண்.

ஒன்பதே முக்காலுக்கு டாக்டர் போன் செய்தார். "பதினோரு மணிக்கு எடுத்தாகணும். அதுக்கு மேல தள்ளினா வெடிச்சிடும், அப்புறம் என் கையில இல்ல. சீக்கிரம் வந்து கையெழுத்துப் போடுங்க." பிறகு மனைவி போனை வாங்கினாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உள்ள போறதுக்கு முன்னாடி உங்களை ஒரு தடவை பாக்கணும். இது 'கட்டாயம்'ங்க. விளையாட்டுக்குச் சொல்லலை."

மேலே எங்கிருந்தோ யாரோ கதவைத் தட்டும் சத்தம். காவலாளியின் குரல்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"ரெண்டு பேர்! கதவைத் திறப்பா!"

"சாவி எங்ககிட்ட இல்ல சார்! கம்பெனிக்காரன் வரணும்! பக்கத்துல பெரிய லிஃப்டும் நின்னுபோச்சு!"

சாவி ஏன் காவலாளியிடம் இல்லை என்பதும் தராசுக்குத் தெரியும். முன்பெல்லாம் ஓர் இரும்புச் சாவி ஆணியில் தொங்கும். கண்டவனும் திறக்கிறான் என்று அதை ஒழித்துக்கட்டினார்கள். இப்போது ஒவ்வொரு புகாருக்கும் மெக்கானிக்கின் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அந்த எண்ணை அடித்தால்தான் பூட்டு திறக்கும்.

தராசு தன் போனை எடுத்து உதவி மையத்தை நேரடியாக அழைத்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண் ஒருத்தி எடுத்தாள். குரலிலேயே புத்தக வாசனை.

"வணக்கம் சார், உங்கள் பயணம் எங்கள் பொறுப்பு. சொல்லுங்க."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டிருக்கேன். உடனே ஆள் அனுப்பு." கட்டடத்தின் எண்ணைச் சொன்னான்.

"சரிங்க சார். எத்தனை பேர் சார்?"

தராசு கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய கேள்வித்தாள். வசதிகளை எடைபோடும் முறை முதலாளிக்கு மிகவும் பிடித்துப்போய், போன வருடம்தான் புகார்களுக்கும் அதையே வைக்கச் சொல்லியிருந்தார்.

"ரெண்டு பேர்."

"பாதிப்பு சார்? ஒண்ணுன்னா சிரமம், ரெண்டுன்னா வேலை கெடுது, மூணுன்னா உயிர்."

"மூணு! மூணு போடும்மா!"

"உள்ள யாருக்காவது மயக்கம், மூச்சுத் திணறல் இருக்கா சார்?"

தராசு திரும்பிப் பார்த்தான். வாளிக்கார அம்மாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தான்.

"அம்மா, கொஞ்சம் மயங்கி விழறீங்களா?"

"எதுக்கு தம்பி? இப்பதான் துடைச்சேன். தரை ஈரம்."

"சார், லைன்ல இருக்கீங்களா? பாதிப்பு ரெண்டுன்னு போட்டுக்கறேன். நிச்சயம்... ஒருத்தர் மட்டும் சொன்னா பத்துக்கு அஞ்சுதான் சார் போடணும். வேற யாராவது உறுதி பண்ணுவாங்களா?"

அடித்தது அதிர்ஷ்டம்! "இதோ, இவங்ககிட்ட கேளு," என்று போனை அம்மாளிடம் நீட்டினான்.

"ஹலோ... ஆமா கண்ணு, நின்னுபோச்சு. ரெண்டு பேருதான். எனக்கென்ன, உக்காந்து ரெண்டு நாளாச்சு, நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா வாங்க."

தராசு போனைப் பிடுங்கினான்.

"ரொம்ப நன்றி சார். நிச்சயம் பத்தாயிடுச்சு," என்றாள் அந்தப் பெண் உற்சாகமாக. "ஆனா அவங்க அவசரமில்லைன்னு சொல்லிட்டதால பாதிப்பை ஒண்ணாக்கிட்டேன். முன்னாடி இருபது, இப்பவும் இருபது. 'பார்க்கலாம்'ல இருக்கீங்க சார்."

"பார்க்கலாமா? யாரு பாக்கறது? எப்பப் பாக்கறது?"

"மெக்கானிக் ஒருத்தர் உங்க பக்கத்துலதான் சார் இருக்காரு. எட்டு நிமிஷத்துல வந்துடுவாரு."

"அப்பாடா!"

"ஆனா அவர் பெரிய லிஃப்டுக்கு வர்றார் சார். அந்தப் புகாருக்கு முப்பது மதிப்பெண். அதை முடிக்க அரை மணி ஆகும். அப்புறம் உங்களுக்கு."

பத்து முப்பத்தொன்று. மெக்கானிக் வர எட்டு நிமிடம், அங்கே அரை மணி, இங்கே கால் மணி. தராசு மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். பதினொன்று இருபத்துநான்கு.

அப்போது போனில் 'டொய்ங்' என்று ஓர் ஒலி. இடையில் இன்னொரு அழைப்பு. அலுவலக எண். கம்பெனியில் யார் கூப்பிட்டாலும் அந்த ஒரே எண்தான் வரும். விற்பனைத் தலைவராகத்தான் இருக்கும். வீடு வாங்குகிறவர்களுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடும் லிஃப்ட் வேண்டும் என்று மூன்று நாளாக உயிரை வாங்குகிறார். இப்போ வேண்டாம். வெட்டினான்.

"இங்க பாரும்மா," என்றான் தராசு குரலைத் தாழ்த்தி. "நான் தப்பாச் சொல்லிட்டேன். உள்ள ரெண்டு பேர் இல்ல. ஆறு பேர்."

வாளிக்கார அம்மாள் நிமிர்ந்தாள். "ஆறா? பாக்கி நாலு பேரு எங்க தம்பி?"

"ஷ்ஷ்!"

"ஆறு பேர்னா அறுபது மதிப்பெண் சார்!" என்று குதூகலித்தாள் பெண். கீபோர்டு தடதடத்தது. பிறகு நின்றது. "ஐயோ சார்."

"என்ன ஐயோ?"

"அந்தச் சின்ன லிஃப்ட்ல அஞ்சு பேர்தான் ஏறலாம். ஆறு பேர் ஏறினதாலதான் நின்னுபோச்சுன்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணி 'பயனர் தவறு'ன்னு புகாரை மூடிடுச்சு சார்."

"மூடிடுச்சா? திற!"

"புதுசாத்தான் போடணும் சார். ஒரே நம்பர்லேருந்து ஒரே நாள்ல ரெண்டாவது தடவை வந்தா நிச்சயம் பாதியாயிடும். இப்ப உங்களுக்குப் பத்து."

தராசு சுவரில் தலையை முட்டிக்கொண்டான். திரையில் சூரியகாந்தி சொன்னது: 'பொறுமையே அழகு!'

இனி மறைத்துப் பயனில்லை. "அம்மா தாயே, நான் யாருன்னு தெரியுமா? நம்ம கம்பெனி ப்ராடக்ட் மேனேஜர். நீ படிச்சுக்கிட்டிருக்கிற கேள்வித்தாளை எழுதினவனே நான்தான்."

மறுமுனையில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். "தராசு சாரா? சார், உங்க வீடியோவைப் பாத்துதான் சார் நான் ட்ரெயினிங் முடிச்சேன்!"

"சந்தோஷம். இப்ப என்னை மேல போடு."

"சார்..." குரல் இழுத்தது. "கம்பெனி ஆளுங்க கொடுக்கற புகாருக்கு மதிப்பெண்ல பாதியைக் கழிக்கணும்னு அந்த வீடியோவுலதான் சார் சொல்லியிருந்தீங்க. இல்லேன்னா ஆளாளுக்குத் தன் காரியத்தை முன்னாடி தள்ளுவாங்கன்னு. இப்ப அஞ்சு."

"ஏய், என் பொண்டாட்டி அங்க..." தராசு கூரை அதிரக் கத்தினான். "உனக்கு மூளை இருக்கா? இருக்கா இல்லையா?"

"நாலு சார்," என்றாள் அவள் அழுகிற குரலில். "கத்தறவங்களுக்கு ஒரு மதிப்பெண் குறைக்கணும் சார். சத்தமாக் கேக்கறவனுக்கு முதல்ல கொடுத்தா, அமைதியா வலியைப் பொறுத்துக்கறவன் செத்துப்போவான்னு... பதிமூணாவது நிமிஷத்துல சார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்."

டொய்ங். மறுபடி அலுவலக எண். தராசு பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினான். பாட்டுப் பாடற லிஃப்டாம்!

பத்து முப்பத்தாறு. மனைவியின் எண்ணுக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தான். மணி அடித்து, அடித்து, ஓய்ந்தது. தன்மேல் உள்ள கோபத்தில் எடுக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தபோது கண் கலங்கியது. மறுபடியும் உதவி மையப் பெண்ணின் இணைப்புக்கு வந்தான்.

"சரி. அந்தப் பெரிய லிஃப்ட் புகாரைப் படி."

"ஒரு ஆள் சார். பாதிப்பு மூணு. நிச்சயம் பத்து. ஆஸ்பத்திரியிலேருந்து ஏழு பேர் தனித்தனியாக் கூப்பிட்டாங்க. ஒரே லிஃப்டுங்கறதால ஏழையும் ஒண்ணாச் சேர்த்துட்டோம். உள்ளேயிருந்து உதவிப் பொத்தானை அமுக்கிப் பேசிக்கிட்டிருக்காங்க. பக்கத்து சீட்டு அக்காதான் அந்த லைனைப் பாக்கறாங்க."

அப்படியானால் இணைப்பை அடைத்துக்கொண்டிருப்பது அந்த ஆள்தான். தராசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரே ஒரு ஆளா? ஒரு ஆளுக்கு முப்பதா? இங்க ரெண்டு பேர் இருக்கோம்! பாதிப்பு மூணுன்னு எவன் வேணா சொல்லுவான். கூப்பிடற எல்லாரும் மூணுன்னுதான் சொல்லுவாங்க. அதை நம்பிடறதா?"

"அக்கா விசாரிச்சுத்தான் போட்டிருப்பாங்க சார்."

"யாரு அது? யாரு உள்ள?"

"யாருங்கற கட்டம் இல்லையே சார்."

"ம்?"

"பழைய படிவத்துல 'யார்'னு ஒரு கட்டம் இருந்துச்சாம். நீங்கதான் எடுத்துட்டீங்க. யாருன்னு தெரிஞ்சா மனசு சாயும், மனசு சாய்ஞ்சா கணக்கு சாயும்னு."

அந்தக் கட்டத்தை எடுத்ததற்காகத்தான் போன வருடம் முதலாளி எல்லோர் முன்னாலும் அவனைக் கைகுலுக்கிப் பாராட்டினார். முதலாளியின் மச்சான், முதலாளியின் டாக்டர், முதலாளியோடு காலையில் நடக்கிறவர் என்று வரிசையைத் தாண்டி வந்துகொண்டிருந்த எல்லோரையும் அந்த ஒரு வெட்டு நிறுத்தியது. சரியான வெட்டுதான். இன்றைக்கும் அவன் அதைச் சரி என்றுதான் சொல்வான்.

"அக்காகிட்ட வேணா கேட்டுச் சொல்லட்டுமா சார்?"

"வேண்டாம்," என்றான் தராசு. கேட்டால் ஏதாவது ஒரு பாவப்பட்ட கதை வரும். கதை வந்தால் கை வராது. கடிகாரம் பத்து முப்பத்தெட்டு காட்டியது. "விதிவிலக்கு எண் போடணும். எடுத்துக்கோ."

முதலாளிக்கும் தராசுக்கும் மட்டும் ஒரு விதிவிலக்கு எண் உண்டு. மாதத்துக்கு ஒரே ஒரு தடவை, கணக்கு என்ன சொன்னாலும், எதை வேண்டுமானாலும் மேலே தூக்கலாம். முதலாளி மாதம் பிறந்த அன்றே அதைத் தீர்த்துவிடுவார். தராசு இதுவரை தொட்டதில்லை. தொடாததைப் பற்றி நான்கு கூட்டங்களில் பேசியிருக்கிறான்.

எண்ணைச் சொன்னான். கீபோர்டு தடதடத்தது.

"ஏறிடுச்சு சார்! 'கட்டாயம்' உங்களுக்கு. மெக்கானிக்கோட ரகசிய எண் உங்க லிஃப்டுக்கு மாறிடுச்சு. ஆனா சார், ஒரு கட்டடத்துக்கு ஒரு நேரத்துல ஒரே ஒரு 'கட்டாயம்'தான். அந்த இன்னொண்ணை எங்க போடறது?"

"எங்கயாவது போடு."

"'நல்லது'ல போட்டா மெக்கானிக்கை ரெண்டுக்கும் பொதுவாக்கிடும் சார். யாரு முதல்ல புகார் கொடுத்தாங்களோ அவங்களுக்கு முன்னுரிமை போயிடும். அவங்கதான் முதல்ல."

வாளிக்கார அம்மாள் எழுந்து நின்றிருந்தாள். பல் குத்துவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

"தம்பி, அங்க யாரு இருக்காங்களோ."

"ஒரே ஒரு ஆள்தான்மா."

"ஒரு ஆளுன்னாலும் ஆளுதானே? ஆஸ்பத்திரியில போயி சும்மாவா ஏழு பேரு போன் பண்ணுவாங்க?"

"என் சம்சாரம் மேல வெடிக்கிற வயித்தோட படுத்திருக்காம்மா!" தராசின் குரல் உடைந்தது. "எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா. நான் கையெழுத்துப் போடலேன்னா அவளை உள்ள கொண்டுபோக மாட்டாங்க. இந்த ஒரு தடவை நான் நேரத்துக்குப் போகணும். இந்த ஒரே ஒரு தடவை."

அம்மாள் மாப்பை எடுத்துத் துடைத்த தரையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

"'இப்போ வேண்டாம்'ல போடு," என்றான் தராசு போனில்.

"சரிங்க சார்."

டொய்ங். டொய்ங். வெட்டினான். வெட்டினான்.

பத்து நாற்பதுக்கு மெக்கானிக் வந்துவிட்டான். மேலே இரும்பு உரசும் ஓசையும் காவலாளியின் சத்தமும் கலந்து கேட்டன. உதவி மையப் பெண் இணைப்பை விடவே இல்லை. விதிவிலக்குப் புகார் முடியும் வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதுவும் அவன் எழுதியதுதான். வெயிலைப் பற்றிக் கேட்டாள். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டாள். இடையில் இரண்டு தடவை டொய்ங். பத்து ஐம்பத்துமூன்றுக்கு லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நான்காம் மாடிக்கு ஏறியது. கதவு பிரிந்தது.

'இனிய பயணம்! எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்றது திரை.

வெளியே காவலாளி மெக்கானிக்கின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான்.

"இதைத் திறந்தே இல்ல? அப்படியே அதையும் திறந்துட்டுப் போ!"

"அண்ணே, கையை எடுங்கண்ணே. எனக்கு என்ன வேண்டுதலா? நம்பர் வந்தாத்தான் பூட்டு திறக்கும். முதல்ல அதுக்குத்தான் வந்துச்சு. பாதி வழியில மாத்திட்டாங்க. இப்ப இந்தக் கட்டடத்துல வேற புகாரே இல்லைன்னு காட்டுது. அடுத்த வேலை எங்கயோ அந்தக் கோடியில."

காவலாளி தராசைப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையையும் பார்த்துவிட்டான்.

"சார், நீங்க கம்பெனியா? ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உள்ள பாவம் ஒரு..."

"ஆபீஸ்ல பேசுங்க, ஆபீஸ்ல பேசுங்க," என்றபடி தராசு போனைப் பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் பாய்ந்தான். மாடி வளைவில் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். வாளிக்கார அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பெரிய லிஃப்டின் மூடிய கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டிரண்டு படியாக ஏறினான். மூச்சு வாங்கியது. ஆனாலும் பத்து ஐம்பத்தைந்துதான். ஐந்து நிமிடம் மிச்சம். முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்காகக் கணக்கை உடைத்திருக்கிறான். சொன்னால் சிரிப்பாள். "உங்க தராசா? அதையா உடைச்சீங்க?" என்பாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாவது சிரிப்பாள்.

ஐந்தாம் மாடி. வார்டு. ஜன்னலோரக் கட்டில்.

காலி.

போர்வை கலைந்து கிடந்தது. தலையணைக்குப் பக்கத்தில் அவளுடைய கண்ணாடி, வளையல்கள், போன். போன் திரையில் 'தவறிய அழைப்பு ஒன்று'.

"சிஸ்டர்! இங்க இருந்தவங்க...?"

மருந்து அட்டவணை எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் தலையைத் தூக்காமல் சொன்னாள். "நீங்கதான் வீட்டுக்காரரா? நல்லா வந்தீங்க போங்க. எவ்வளவு நேரம்தான் காத்திருக்கறது? கையெழுத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயே வாங்கிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டாவது மாடிக்குக் கொண்டுபோயாச்சு."

"எப்போ?"

"பத்தே கால் இருக்கும். தள்ளிக்கிட்டுப் போனவரு அவங்க ஃபைலை மறந்துட்டுத் திரும்ப ஓடி வந்தாரு. கொடுத்து அனுப்பிட்டேன்."

தராசு கட்டிலின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தான். அப்பாடா. பத்தே காலுக்கே போய்விட்டாள். இந்நேரம் எல்லாம் ஆரம்பித்திருப்பார்கள். இவ்வளவு ஆட்டமும் வீண், இருந்தாலும் பரவாயில்லை. அவளுடைய கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தான். அவளை வெளியே கொண்டுவரும்போது முதலில் இதைத்தான் கேட்பாள்.

பையில் போன் அதிர்ந்தது.

மறுபடி அந்த அலுவலக எண்.

சிரிப்பு வந்தது அவனுக்கு. மனிதர் விடமாட்டார் போலிருக்கிறது. சரி, பாடட்டும் லிஃப்ட், பிறந்தநாளுக்குப் பாடட்டும், கல்யாண நாளுக்கும் பாடட்டும். இன்றைக்கு எதற்கும் 'வேண்டாம்' சொல்லப்போவதில்லை. பொத்தானை அழுத்திக் காதில் வைத்தான்.

விற்பனைத் தலைவர் இல்லை. நடுவயதுப் பெண் ஒருத்தியின் களைத்த குரல்.

"லிஃப்ட் உதவி மையத்துலேருந்து பேசறேங்க, அரை மணியா அடிக்கிறேன், நீங்க வெட்டிக்கிட்டே இருக்கீங்க... பெரிய லிஃப்டுக்குள்ள ஸ்ட்ரெச்சர்ல இருக்கிற அம்மா இந்த நம்பரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க, இப்ப பத்து நிமிஷமா அவங்க பேச்சையே காணோம்... நீங்க அவங்க வீட்டுக்காரர்தானே?"